எந்த வருஷத்து விதி?

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



பேரவைச் செயலாளர் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார். கவிதை எழுத எனக்கு வராது. கதையும் வராது. போன வருடம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதியும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட சில விவரங்களும்தான் என்னிடம் இருக்கின்றன. டிப்ளமோ முடித்துவிட்டு மேலே படிக்கணும் என்று நினைக்கிற எல்லோருக்கும் இது பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மூன்று பேர் சொன்ன மூன்று விஷயம்

என் அப்பா தோல் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை பார்க்கிறவர். அம்மா ஷூ கம்பெனியில் தையல். அப்பா ஐந்தாவது, அம்மா எட்டாவது. எங்கள் வீட்டிலும் சரி, சொந்தத்திலும் சரி, பத்தாவதைத் தாண்டி வந்தவன் நான்தான். அதனால் "டிப்ளமோவுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்க வீட்டுக்குள்ளே ஆள் கிடையாது. வெளியேதான் கேட்கணும்.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மூன்று பேரிடம் கேட்டார்.

முதல் ஆள், கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். 1998-இல் பிளஸ் டூ முடித்தவர். "இன்ஜினியரிங்னா என்ட்ரன்ஸ் எழுதணும்யா. நூறு மார்க்குக்கு நடக்கும். பிளஸ் டூல நல்லாத்தான் எடுத்தேன், என்ட்ரன்ஸ்லதான் எனக்குப் போச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, எங்கள் தெருவில் 2012-இல் பி.இ. சேர்ந்த ஒரு அக்கா. "என்ட்ரன்ஸெல்லாம் கிடையாது மாமா. மார்க்கை மட்டும் பார்த்துத்தான் கவுன்சிலிங்ல கூப்பிடுவாங்க" என்றார்.

மூன்றாவது, பக்கத்து ஊரில் இருக்கிற ஒரு கோச்சிங் சென்டர். எங்கள் பக்கம் ஆந்திர எல்லைக்கு அருகில் இருப்பதால் இரண்டு மாநிலப் பையன்களும் அங்கே வருவார்கள். "டிப்ளமோ பசங்க பி.இ. இரண்டாம் வருஷத்துல நேரா சேரலாம். அதுக்கு என்ட்ரன்ஸ் இருக்கு, 200 கேள்வி. கோச்சிங் இல்லாம முடியாது" என்றார்கள்.

அப்பா யோசித்தார். இரண்டு பேர் இருக்கிறது என்கிறார்கள், ஒருத்தர் இல்லை என்கிறார். இருக்கிறது என்ற பக்கம்தான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. தீபாவளி போனஸில் ஆறாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு மட்டும்தான் புதுத்துணி.

நான்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர்கள் கொடுத்த புத்தகத்தை ஒரு நாள் வொர்க்‌ஷாப்பில் வைத்திருந்தபோது எங்கள் துறை சார் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "ஏண்டா, இது எந்த ஸ்டேட் எக்ஸாம்னு பார்த்தியா? இது ஈ-செட். ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் உள்ளது. நம்ம ஊர்ல லேட்டரல் என்ட்ரிக்கு என்ட்ரன்ஸே கிடையாதே!" என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அப்பா இரண்டு தடவை அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். ரசீதின் அடியில் "கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அதை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிந்தது. மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிறவர் சொன்னது 1998-க்குச் சரி. தெரு அக்கா சொன்னது 2012-க்குச் சரி, அதுவும் பிளஸ் டூ படித்தவர்களுக்கு. கோச்சிங் சென்டர் சொன்னது வேறு மாநிலத்துக்குச் சரி. அவரவர் நின்ற இடத்திலிருந்து பதில் சொன்னார்கள். "இது எந்த வருஷத்து விதி? யாருக்கான விதி? எந்த ஊர் விதி?" என்று கேட்கத் தெரியாதது எங்கள் குறை. படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை வீட்டில் ஒருத்தராவது கேட்டுவிடுவார்கள். நமக்கு நாமேதான் கேட்டுக்கொள்ளணும்.

நம் மாநிலத்தில் நடந்தது

நுழைவுத் தேர்வு என்பது தமிழ்நாட்டில் வந்த கதையும் போன கதையும் தெரிந்தால்தான் மேலே சொன்ன குழப்பம் விளங்கும்.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1984-இல் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கு மாற்றி, நுழைவுத் தேர்வை 100-க்கு வைத்து, ஆக மொத்தம் 300-க்குக் கணக்குப் போட்டார்கள். 2006 வரை இது நடந்தது.

கிராமத்துப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் கோச்சிங் போக முடியாமல் பின்தங்குகிறார்கள் என்ற குறை நெடுநாளாக இருந்தது. 2005-இல் அன்றைய அ.தி.மு.க. அரசு தேர்வை நீக்கி ஆணை போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் சட்டமாகவே கொண்டுவந்தார்கள், அதுவும் நிற்கவில்லை. பிறகு வந்த தி.மு.க. அரசு பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு போட்டு, அதன் அறிக்கையை வைத்துப் புதிய சட்டம் இயற்றியது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. 2007-08 கல்வியாண்டிலிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப் என்பது அதற்குப் பிறகு வந்த நடைமுறை.

2005-இலும் 2006-இலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தேர்வு இருக்கு, இல்லை, மறுபடி இருக்கு. எதை நம்பிப் படிப்பது?

மருத்துவத்தில் கதை நேர்மாறாகப் போனது. நீட் தேர்வு முதன்முதலில் 2013 மே மாதம் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு 2016-இல் ஒரு வருடம் விலக்கு கிடைத்தது. 2017-இலும் விலக்கு வரும், வரும் என்று ஆகஸ்ட் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதாவை நாம் எல்லோரும் அறிவோம். பழைய கணக்கில் அவருடைய மருத்துவக் கட்-ஆஃப் 196.75. புதிய கணக்கில் அவருக்கு இடம் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். ஒரு விதி மாறுவது என்பது காகிதத்தில் ஒரு வரி மாறுவதுதான். ஆனால் அந்த வரியின் மேலே ஒரு வீடே நின்றுகொண்டிருக்கும். (நண்பர்களே, எந்தத் தேர்வும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மனது பாரமாக இருந்தால் நண்பனிடமோ, சாரிடமோ, மேடத்திடமோ வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.)

டிப்ளமோக்காரர்களுக்கு என்ன விதி?

இனி நம் கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ., பி.டெக். நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். கோவை ஜி.சி.டி., காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி போன்ற நல்ல இடங்களுக்கு இந்த வழியில் போகலாம்.

"அப்பாடா, தேர்வு இல்லை" என்று மூச்சு விடாதீர்கள். அதற்குப் பொருள் என்னவென்றால், நாம் எழுதுகிற செமஸ்டர் தேர்வுதான் நமக்கு நுழைவுத் தேர்வு. நுழைவுத் தேர்வு ஒரே நாளில் முடிந்துவிடும். நம்முடையது வருடக்கணக்கில் நடக்கிறது. "பாஸ் ஆனா போதும், அரியர் இல்லாட்டி போதும்" என்று செமஸ்டரைத் தள்ளிவிட்டால், கடைசியில் நல்ல கல்லூரி நம்மைத் தள்ளிவிடும். எந்தெந்த செமஸ்டர் மதிப்பெண் கணக்கில் வருகிறது என்பதை அந்தந்த ஆண்டு தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளணும்.

எல்லை தாண்டினால் விதி வேறு. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நான் மாட்டிக்கொண்ட ஈ-செட். மூன்று மணி நேரம், 200 கேள்வி: கணிதம் 50, இயற்பியல் 25, வேதியியல் 25, நம் துறைப் பாடம் 100. அங்கே உள்ளூர் மாணவர் யார் என்ற கணக்கும் உண்டு என்பதால், தேர்வு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. கர்நாடகத்தில் டி.செட். என்ற தேர்வு. கேரளத்தில் எல்.இ.டி. மேற்கு வங்கத்தில் ஜெலெட். மகாராஷ்டிரத்தில் நம்மைப் போலவே டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத்தான். ஒரே டிப்ளமோ, ஒரே இரண்டாம் ஆண்டு. ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக் கதவிலும் ஒவ்வொரு பூட்டு.

ஐ.ஐ.டி. நமக்கு உண்டா?

"டிப்ளமோ படிச்சவனுக்கு ஐ.ஐ.டி. கிடையாது" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐ.ஐ.டி.யின் பி.டெக். படிப்பில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை இல்லை என்பது சரி. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தகுதிப் பட்டியலில், பிளஸ் டூவுக்கு இணையாக, அங்கீகாரம் பெற்ற மூன்றாண்டு டிப்ளமோவும் இருக்கிறது. முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கணும், வயது வரம்பு உண்டு, ஜே.இ.இ. மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வரணும். கடினம்தான். ஆனால் "கிடையாது" என்பதும் "கடினம்" என்பதும் வேறு வேறு. முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேர்வின் விதிகள் எத்தனை தடவை மாறியிருக்கின்றன என்று பாருங்கள்.

2002-இல் ஏ.ஐ.இ.இ.இ. வந்தது. 2013-இல் அது ஜே.இ.இ. மெயின் ஆனது. 2013 முதல் 2016 வரை என்.ஐ.டி. தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 40 சதவீதம் பங்கு இருந்தது. 2017-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2019 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. வருடத்துக்கு இரண்டு முறை வைத்தார்கள்; 2021-இல் மட்டும் நான்கு முறை. அதே 2021-இல்தான் தமிழ் உட்பட 13 மொழிகளில் கேள்வித்தாள் வந்தது. பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனையைக் கொரோனா காலத்தில், 2020 முதல் 2022 வரை, தளர்த்தினார்கள். 2023-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். ஒரு பகுதியில் பத்துக் கேள்வியில் ஐந்து எழுதினால் போதும் என்ற சலுகை 2021-இல் வந்து 2025-இல் போய்விட்டது.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது 2024-இல் நடந்தது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம் என்பது விதி. 2024 நவம்பர் 5 அன்று "இனி மூன்று முறை எழுதலாம்" என்று அறிவிப்பு வந்தது. அதை நம்பிச் சில மாணவர்கள் சேர்ந்திருந்த கல்லூரியை விட்டு விலகித் தயாரிப்பில் இறங்கினார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 18 அன்று "பழையபடி இரண்டு முறைதான்" என்றார்கள். கையில் கல்லூரியும் இல்லை, தேர்வும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில், நவம்பர் 5-க்கும் 18-க்கும் இடையில் விலகியவர்கள் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட வழி இருந்தவர்கள் போட்டார்கள். நம் வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு சொல்லையும் இங்கே விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் நானே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஜே.இ.இ. மெயினில் இப்போது வருவது மதிப்பெண் சதவீதம் இல்லை, பெர்சென்டைல். ஆயிரம் பேர் எழுதிய ஒரு வேளையில் 950 பேர் உங்கள் மதிப்பெண்ணோ அதற்குக் கீழோ எடுத்திருந்தால் உங்கள் பெர்சென்டைல் 95. நூற்றுக்கு 95 மார்க் எடுத்தீர்கள் என்று அர்த்தமில்லை. பல நாள், பல கேள்வித்தாள் என்று நடத்துவதால், கஷ்டமான தாள் வந்தவருக்கு நஷ்டம் வராமல் இருக்க இந்தக் கணக்கு.

வேறு சில கதவுகள்

கட்டிடக்கலை படிக்க ஆசைப்படுகிற நண்பர்களுக்கு: பி.ஆர்க். படிப்பில் கணிதம் படித்த டிப்ளமோக்காரர்களும் சேரலாம். அங்கே நாட்டா என்ற திறனறித் தேர்வு உண்டு, 2006-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சேர்க்கையில் படிப்பு மதிப்பெண்ணுக்கு 200, திறனறித் தேர்வுக்கு 200 என்று 400-க்குக் கணக்கு. "தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வே இல்லை" என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரம் அவர்களே பாடம் நடத்தி, அதிலிருந்தே ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். முன்பின் தெரியாத கேள்வியைக் கேட்டு வடிகட்டாமல், சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏ.எம்.ஐ.இ. பற்றி எச்சரிக்கை. வேலை பார்த்துக்கொண்டே எழுதி, பி.இ.க்கு இணையான தகுதி பெற்ற சீனியர்கள் அந்தக் காலத்தில் நிறைய பேர். "நீயும் ஏ.எம்.ஐ.இ. எழுது தம்பி" என்று இன்றும் அன்போடு சொல்வார்கள். ஆனால் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த இணைத் தகுதி. அதற்குப் பிறகு பணம் கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கட்டணும்.

கடல் தாண்டியும் இதே கதைதான்

இது நம் நாட்டுத் தலையெழுத்து மட்டும்தானா என்று பார்த்தால், இல்லை. அமெரிக்காவில் 1926 முதல் சாட் என்ற தேர்வு இருக்கிறது. பெரிய கல்லூரிகளில் சேர அதையோ, ஏ.சி.டி. என்ற இன்னொரு தேர்வையோ எழுதணும். 2020-இல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியதும், பெரும்பாலான கல்லூரிகள் "மதிப்பெண் அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி" என்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஒரு படி மேலே போய், 2021-இல் "அனுப்பினாலும் பார்க்க மாட்டோம்" என்றது. ஆனால் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022 மார்ச்சில் மறுபடி கட்டாயம் ஆக்கியது. 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு ஆகியவையும் கட்டாயத்துக்குத் திரும்பப் போவதாக அறிவித்தன.

இதில் நமக்குப் பாடம் ஒன்று உண்டு. "கட்டாயம்", "விருப்பம்", "பார்க்கவே மாட்டோம்" இந்த மூன்றும் வேறு வேறு. விருப்பம் என்றால் தேவையில்லை என்று பொருள் ஆகாது. நல்ல மதிப்பெண் வைத்திருந்து, "கட்டாயம் இல்லையே" என்று அனுப்பாமல் விட்டவனுக்கு நஷ்டம். இங்கேயும் விண்ணப்பத்தில் "இருந்தால் இணைக்கவும்" என்று ஒரு வரி வரும். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏன் மாற்றுகிறார்கள்?

இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறார்கள். தேர்வு வேண்டும் என்பவர்கள், ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு மாதிரி மார்க் போடுகிறது, எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தால்தான் நேர்மை என்கிறார்கள். வசதி இல்லாத பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தேர்வு மதிப்பெண் உதவுகிறது என்று மாசசூசெட்ஸ் கழகமும் காரணம் சொன்னது. வேண்டாம் என்பவர்கள், அளவுகோல் ஒன்றுதான், ஆனால் அதில் நிற்கப் பழக்குகிற கோச்சிங் காசுக்கு விற்கிறதே என்கிறார்கள். நம் மாநிலம் 2007-இல் சொன்ன நியாயம் இதுதான்.

எது சரி என்று தீர்ப்புச் சொல்கிற வயதோ படிப்போ எனக்கு இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். தேர்வு வைப்பதானாலும் எடுப்பதானாலும், படிப்பைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். பாதி ஆட்டத்தில் கோட்டை மாற்றினால், புதுக் கோடு எங்கே என்று ஓடிப்போய்ப் பார்க்க ஆள் இருக்கிற வீடு தப்பித்துக்கொள்ளும். கூலிக்குப் போகிற வீடு தப்பிக்காது. எங்கள் வீட்டில் ஆறாயிரம் ரூபாயோடு போனது. வேறு வீடுகளில் ஒரு வருஷமே போயிருக்கிறது.

நாம் என்ன செய்யணும்?

நான் பட்ட பாட்டிலிருந்து சில யோசனைகள்:

1. யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வருஷத்து விதி? எந்த மாநிலத்து விதி? பிளஸ் டூ படித்தவருக்கா, டிப்ளமோ படித்தவருக்கா?

2. அந்த ஆண்டின் தகவல் கையேட்டை நீங்களே முழுசாகப் படியுங்கள். ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். முக்கியமாகத் தகுதி, கணக்கிடும் முறை, கடைசித் தேதி, அடிக்குறிப்பு. பொடி எழுத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் பணம் போனது பொடி எழுத்தில்தான்.

3. போன வருஷக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். எந்த வரி மாறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். சீனியர் அனுபவத்தில் எது இன்னும் செல்லும், எது செல்லாது என்பது அப்போது தெரிந்துவிடும்.

4. கோச்சிங்கில் பணம் கட்டுவதற்கு முன் தேர்வின் முழுப் பெயர், நடத்துவது யார், நாம் அதற்குத் தகுதியா என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கே நிற்க வேண்டாம்.

5. ஒரே கதவை நம்பாதீர்கள். செமஸ்டர் மார்க் ஒரு கை என்றால், எழுத முடிந்த ஒரு தேர்வு மறு கை. விதி மாறினாலும் ஒரு கை மிஞ்சும்.

6. புதிய அறிவிப்பு வந்ததும் அவசரப்பட்டு இருக்கிற இடத்தை விட்டுவிடாதீர்கள். 2024 நவம்பரை நினைவில் வையுங்கள்.

7. சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முக்கியமாக முதல் பட்டதாரி சான்றிதழ். வீட்டில் இதற்கு முன் பட்டதாரி யாரும் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. கடைசி நாளில் ஓடினால் சர்வர் வேலை செய்யாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி!

8. சந்தேகம் என்றால் நம் சார்களிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் நான்கு வாரம் முன்னால் அந்தப் புத்தகத்தை எங்கள் சாரிடம் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். அறிவிப்புப் பலகையில் சினிமாவும் கிரிக்கெட்டும் போக மிச்சம் இருக்கிற இடத்தில், அந்த ஆண்டின் லேட்டரல் என்ட்ரி அறிவிப்பையும் தேதிகளையும் ஒட்டி வைத்தால் நம்மில் பலருக்குப் புண்ணியமாகப் போகும். பழைய வருடக் காகிதத்தைக் கிழித்துவிட்டு ஒட்டணும். பழையது கிடந்தால் அதுவே ஒருத்தரைக் கெடுக்கும்.

முடிவாக

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கையேட்டை நான் சத்தமாகப் படிக்கிறேன். அம்மா தைத்துக்கொண்டே கேட்பார். அப்பா பீடியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, நான் முதல் வரியைத் தொடங்குவதற்குள், "இது இந்த வருஷத்துக் காகிதம்தானே, பார்த்துட்டியா?" என்று கேட்கிறார். ஆறாயிரம் ரூபாய்க்கு அவர் வாங்கிய கேள்வி அது.

என் தங்கை எட்டாவது படிக்கிறாள். நர்ஸ் ஆகணும் என்கிறாள். அவள் விண்ணப்பம் போடுகிற வருஷத்தில் என்ன தேர்வு இருக்கும், எது இருக்காது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு நான் இன்ஜினியராக இருப்பேன். எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அப்போது நானும் கம்பெனிக் கணக்குக்காரர் மாதிரி, "எங்க காலத்துல இப்படித்தான்" என்று என் வருஷத்து விதியை அவளுக்குச் சொல்லிவிடக் கூடாது. அவளோடு உட்கார்ந்து அவள் வருஷத்துக் காகிதத்தைப் படிக்கணும். நம் வீடுகளில் முதலில் படிக்க வந்த நாம், பின்னால் வருகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை இது.

விதிகள் மாறட்டும். கேட்டுத் தெரிந்துகொள்கிற நம் பழக்கம் மாறாமல் இருக்கட்டும்.